அடைக்கலம் கருணையாகுமா?

சித்திரவதை செய்தவன் ஒருவன் அயல்நாட்டில் புகுந்தால், அந்நாடு அவன்மீது வழக்குத் தொடரல் வேண்டும். இன்றேல், விசாரிக்க முன்வரும் நாட்டிடம் அவனை ஒப்புவித்தல் வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 1984-இல் ஏற்ற உடன்படிக்கை விதிக்கும் கடமை இது. வினை தானே பயன் தருமாயின், பகை பாராட்டாத பௌத்தர் தண்டனையை நாடுதல் தகுமோ என நம்மவர் சிலர் வினவுகின்றனர்.

ஆப்பிரிக்காவிலுள்ள சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்டவர் ஹிசேன் ஹாப்ரே. அவருடைய இரகசியப் போலீஸார் தலைநகரில் ஒரு நீச்சற்குளத்தை மேலே மூடி, நிலவறைச் சிறையாக்கினர். அவர் ஆட்சியில் 40,000 பேர்வரை மாண்டிருக்கலாமென அந்நாட்டு விசாரணைக் குழு 1992-இல் மதிப்பிட்டது. ஆட்சி கவிழவே ஹாப்ரே செனகல் நாட்டில் அடைக்கலம் புகுந்தார். உயிர் பிழைத்தோர் 2000-இல் அங்கே முறையிட்டனர்; தமக்கு அதிகாரமில்லையென நீதிமன்றங்கள் கைவிரித்தன. பெல்ஜியம் 2005-இல் அவரைத் தம்மிடம் ஒப்புவிக்கக் கோரியது, அதுவும் நடந்திலது. ஒப்புவிக்காவிடில் தாமதமின்றி வழக்குத் தொடர்க என ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்த பின்னரே தனி நீதிமன்றம் அமைந்தது. 2016-இல் அவர் ஆயுள் தண்டனை பெற்றார். முறையிட்டவருள் எத்துணைப் பேர் அதற்குள் மூப்பெய்தியிருப்பர்!

பகவன் அங்குலிமாலருக்கு அடைக்கலம் தந்தாரன்றோ என்பர். தந்தார், ஆயினும் ஒளித்தாரில்லை. கோசல மன்னர் குதிரைப்படையுடன் தேடிவந்தபோது, அருகிருந்த அங்குலிமாலரைக் கை நீட்டிக் காட்டினார். தண்டியாது விட்டவர் மன்னரே. அங்குலிமாலரோ கொலைத்தொழிலை அறவே விட்டவர். பின்னாளில் தெருவில் தம்மீது விழுந்த கல்லடியையும் பொறுத்தவர். ஹாப்ரே தம்மை விசாரித்த மன்றத்தையே ஏற்க மறுத்தார். இவ்விரு அடைக்கலங்களையும் ஒன்றெனக் கூறுதல் எமக்கு உடன்பாடன்று. மேலும், மன்னிக்கும் உரிமை நிலவறையில் கிடந்தோருக்கு உண்டு. செனகல் அரசுக்கு அஃது எங்ஙனம் வந்தது?

வினைப்பயனைக் காரணங் காட்டுவோருக்கு ஒன்று கூறுவோம். முற்பிறப்பின் வினையே இப்பிறப்பின் இழிவுக்குக் காரணமெனக் கேட்டுக் கேட்டுச் சலித்த மக்கள் நாம். எளியோர் நிலைக்குப் பொறுப்பேற்காது அரசும் சமூகமும் தப்புதற்கே அக்கொள்கை உதவுமென அண்ணல் அம்பேத்கர் தம் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் கண்டித்தார். வினை தண்டிக்கட்டுமென நீதிமன்றம் கைகட்டியிருப்பதும் அவ்வகைத் தப்புதலேயாம்.

நம் இந்திய அரசு இவ்வுடன்படிக்கையில் 1997-இல் ஒப்பமிட்டது. இன்னும் உறுதி செய்திலது. காவல்நிலையத்தில் அடிபடுவோர் யாரென்பதை நம் வாசகருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் சங்கங்கள் இதுபற்றித் தத்தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுதல் நலம்.