கதாநாயகி வேஷம் கிடைக்கவில்லையா?

"எனக்குச் சரியான வாய்ப்பே வரவில்லை" என்று புலம்பும் தம்பிகளே, தங்கைகளே, புலம்பலைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இந்தக் கதையைக் கேளுங்கள்.

1937-இல் மன்னார்குடியில் கோபிசாந்தா என்றொரு பெண் பிறந்தாள். அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். தாயும் மகளும் கதியற்றுக் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் போய் ஒண்டினார்கள். அம்மா ராமாமிர்தம் வீட்டுவேலை பார்த்து வயிற்றைக் கழுவினார். மகளின் பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. அந்தப் பெண்ணிடம் மிச்சமிருந்தது நல்ல குரல் ஒன்றுதான். அதைக் கேட்ட நாடகக்காரர்கள் சின்ன வயதிலேயே மேடையில் ஏற்றிவிட்டார்கள். மனோரமா என்பது நாடகக்காரர்கள் வைத்த பெயர். ஆச்சி என்பது செட்டிநாட்டு மண் கொடுத்தது.

சினிமா வாசல் திறந்தது 1958-இல், கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை'யில். என்ன வேஷம்? நகைச்சுவை. மேடையில் கதாநாயகியாக நின்று கைதட்டல் வாங்கிய 21 வயதுப் பெண்ணைக் கூப்பிட்டு, ஊர் சிரிக்கிற வேஷம் கட்டு என்றால் எப்படியிருக்கும்? நீங்களாக இருந்தால் வாட்ஸ்அப்பில் சோக ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுப் போர்வைக்குள் புகுந்திருப்பீர்கள். கண்ணதாசன் வேறு கணக்குப் போட்டார்: கதாநாயகிக்கு நாலைந்து வருஷம், சிரிக்க வைப்பவளுக்குக் காலமெல்லாம் வேலை. பின்னாளில் மனோரமாவே இதை நன்றியோடு சொல்லியிருக்கிறார். கவிஞர் கணக்கு தப்பவில்லை.

1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் ஆனார். ஆனாலும் அதன் பிறகு வந்தவை பெரும்பாலும் நகைச்சுவை வேஷங்களே. முறுக்கிக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை, வந்ததையெல்லாம் செய்தார்.

எப்படிச் செய்தார் என்பதற்கு 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' சாட்சி. ஒரு பக்கம் சிவாஜி. நாதஸ்வரத்தைக் கையில் பிடித்தால் ஊரே தன் காலடியில் என்ற மிதப்போடு நிற்கும் சிக்கல் சண்முகசுந்தரம். இன்னொரு பக்கம் பத்மினி. இவர்களுக்கு நடுவே நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணிக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்? வாசிப்பைக் கேட்டு வாயடைத்து நிற்கிறாள். பிறகு, எல்லா நாயனமும் இப்படித்தான் சத்தம் போடுமா, இல்லை உங்களுடையது மட்டும்தானா என்று வெள்ளந்தியாக ஒரு கேள்வி கேட்கிறாள். அவ்வளவுதான். வித்துவானுக்கே முகத்தில் சிரிப்பு வருகிறது, தியேட்டர் அதிர்கிறது. சிவாஜிக்கு எதிரே நின்று ஒரு காட்சியைப் பறித்துக்கொண்டு போவது சாதாரணக் காரியமா!

1964-இல் கல்யாணம். கைக்குழந்தையோடு இருக்கும்போதே அந்த வாழ்க்கை முறிந்தது. துன்பம் அவரைச் செதுக்கியது என்று மேடைப் பேச்சாளர்கள் இந்த இடத்தில் உருகுவார்கள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. துன்பம் மனுஷரை அரிக்கும், அவ்வளவுதான். ஆச்சியைத் தாங்கிப் பிடித்தது காலையில் போய் நிற்க வேண்டிய படப்பிடிப்பும், வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அந்தத் தாயும்தான். தன்னந்தனியாக ஜெயித்தார் என்று எழுதி ராமாமிர்தத்தை யாரும் மறைத்துவிடாதீர்கள்.

சென்னைத் தமிழா, கொங்குத் தமிழா, எதைக் கேட்டாலும் அவர் நாக்கில் வந்து உட்காரும். 'சின்னக் கவுண்ட'ரில் துருத்திய பல்லைக் கட்டிக்கொண்டு விஜயகாந்துக்கு ஆத்தாவாக வந்தார். அழகாகத் தெரிய வேண்டுமே என்று கவலைப்படுகிறவர் அந்தப் பல்லைத் தொட்டிருப்பாரா? அண்ணாவோடும் கலைஞரோடும் நாடகம்; எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆரோடு சினிமா. முதலமைச்சர்களாக ஆன ஐந்து பேரோடு நடித்திருக்கிறார். ஆயிரம் படங்களைத் தாண்டிக் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். 'புதிய பாதை'க்கு (1989) தேசிய விருது வந்தபோது வயது ஐம்பதைக் கடந்திருந்தது. 2002-இல் பத்மஸ்ரீ.

முப்பது வயதில் "இனிமேல் என்ன இருக்கு" என்று அலுத்துக்கொள்கிறவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அலுவலகத்தில் உங்களுக்குத் தந்தது துண்டு வேலையா? தரட்டும்! அதை வேறு எவரும் தொட முடியாதபடி முடித்துக்காட்டுங்கள். அடுத்த தடவை அவர்களே உங்களைத் தேடி வரட்டும்!

இன்றைக்கு ராத்திரி 'தில்லானா மோகனாம்பாளை'ப் போடுங்கள். சிவாஜியையும் பத்மினியையும் ஆயிரம் தடவை பார்த்தாயிற்று. இந்தத் தடவை ரமாமணியை மட்டும் பாருங்கள், அதுவும் வசனம் இல்லாமல் அவள் நிற்கிற இடங்களில். பார்த்துவிட்டு, நாளைக் காலை வேலைக்குக் கிளம்புங்கள்.