உலைக்களத்தின் அறம்

கருவிக்கு நன்மையுமில்லை, தீமையுமில்லை. ஏந்தும் கைக்கே அவை உரியன என்பது உலக வழக்கு. கனி அரியும் கத்தியே கழுத்தையும் அறுக்கும். குற்றம் கத்தியினுடையதன்று என்பர். அவ்வாறாயின், அதனை வடித்த கொல்லனுக்கு அதன் செயலில் பங்கே இல்லையா?

கருவியின் வடிவமே ஒரு கருத்தை உட்கொண்டது. செராஸ் வட்டாரத்தில் முன்பு இருந்த ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் ஏந்திய பால்மரக் கத்தியை எண்ணிப் பார்க்கலாம். 1890களில் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவில் எச். என். ரிட்லி வகுத்த முறைப்படி, அது பட்டையை மெல்லச் சீவ வேண்டும். உள்ளே வளரும் படலத்தைத் தீண்டலாகாது. காயப்படுத்தாமல் வெட்டுவதே அதன் இலக்கணம். அமெரிக்காவின் போவி கத்தியோ, 1827இல் மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் ஜேம்ஸ் போவி இட்ட சண்டையால் புகழ்பெற்றது. பின்னாளில் கைக்காப்பும் கூர்நுனியும் பெற்ற அது வேட்டைக்கும் உதவும், சண்டைக்கும் ஆயத்தமாயிருக்கும். டென்னசி மாநிலம் 1838இல் அதன் விற்பனையையே தடுத்தது.

ஆயினும், வடிவம் மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடாது. புதர் வெட்டப் பிறந்த பாராங், வன்முறையாளர் கையிலும் காணப்படுகிறது. எனவேதான் தாக்குதற் கருவிகள் பற்றிய 1958ஆம் ஆண்டு மலேசியச் சட்டம், பொது இடத்தில் அவற்றை ஏந்துபவனுக்கு முறையான நோக்கம் உண்டா என்று வினவுகிறது.

அவ்வினாவை முதலில் எழுப்ப வேண்டியவன் யார்? ஆலையில் ஆயிரக்கணக்கில் உருவாகும் கத்தியைச் செய்வோர்க்கு, வாங்குவோன் முகம் தெரியாது. ஒருவர்க்கென்றே கையால் அடித்துத் தரும் கொல்லன் நிலை வேறு. அவன் அவருடைய கையளவையும் தொழிலையும் கேட்டறிகிறான். அறிதல் வந்த இடத்தில் பொறுப்பும் வந்துவிடுகிறது. புறநானூற்றுப் பொன்முடியார், வேல் செய்து தருவது கொல்லன் பணி என்றும், நல்லொழுக்கம் அளிப்பது அரசன் பணி என்றும் பிரித்துரைத்தார். இன்று கொல்லனுக்கும் வாங்குவோனுக்கும் இடையே அரசன் நிற்பதில்லை. ஆகவே, அவ்விரண்டாம் பணியிலும் ஒரு பகுதி கொல்லன்மேல் விழுகிறது.

பொறுப்பு கேட்பதோடு முடிவதுமில்லை. பழைய லாரியின் வில்பட்டையை உலையிலிட்டுச் சம்மட்டியால் வடிவாக்கலாம். அதனை ஏறத்தாழ 800 பாகை செல்சியசுக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் எஃகு மிகக் கடினமாகும்; ஆனால், கண்ணாடிபோல் எளிதில் உடையும். மீண்டும் ஏறத்தாழ 200 பாகைச் சூட்டில் பதப்படுத்தினாலே கடினத்தோடு உறுதியும் சேரும். இவ்விரண்டாம் சூட்டைத் தவிர்த்த கத்தியும் பளபளக்கும். குறை, ஓங்கி வெட்டும் நாளில்தான் வெளிப்படும். அன்று தெறிக்கும் துண்டு நல்லவன் கண்ணைப் பறிக்கலாம். தீயவனுக்குத் துணைபோவது மட்டுமன்று, நல்லவனை ஏமாற்றுவதும் அறக்கேடே.

கத்தி கொல்லனினும் நெடுநாள் வாழும். பல கை மாறும். அதன் பிற்காலச் செயல்கட்கெல்லாம் அவனைக் குற்றவாளியாக்குதல் நேர்மையன்று. நோக்கத்தைக் கேட்டல், ஐயம் எழுந்தால் மறுத்தல், செய்வதைச் செம்மையாகச் செய்தல் ஆகிய மூன்றும் அவன் ஆற்றலுக்கு உட்பட்டவை. அவற்றிற்கே அவன் விடைகூற வேண்டியவன். மாணவன் முகமறிந்து அறிவைக் கூர்தீட்டித் தரும் ஆசிரியர்க்கும் இது பொருந்துமன்றோ?