பெயர் சொல்லாத சட்டம்



தேர்தல் நாளன்று கொத்மலைப் பகுதியில், பூண்டுலோயாவிலோ இறம்பொடையிலோ, தோட்டப் பாடசாலை வாசலில் வரிசையாக நிற்கும் வயோதிபத் தாய்மாரைப் பார்த்திருப்பீர்கள். அடையாள அட்டையைக் கையில் இறுகப் பிடித்தபடி, மழையானாலும் பனியானாலும் காத்து நிற்பார்கள். ஒரு புள்ளடிக்காக ஏன் இவ்வளவு பாடு என்று இளைஞர் கேட்கலாம். அந்தப் புள்ளடி ஒரு காலத்தில் பறிக்கப்பட்டது. பறித்தவர்கள் சட்டத்தைக் கொண்டே பறித்தார்கள். நீதிமன்றமும் அச்சட்டம் செல்லுபடியாகும் என்றது. அந்தக் கதையில் நம் மனச்சாட்சிக்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அது. லயத்துக் காம்பராவில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எங்கே தேடுவது? 1949இல், பிரஜைகளே வாக்களிக்கலாம் என்று தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கேகாலை மாவட்டத்து றுவன்வெல்லத் தொகுதியில், கோடாகன் பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கக் கோரி வழக்காடினார். அவருக்குத் துணையாக இருந்தது அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு. ஒரு சமூகத்தாருக்கு இல்லாத குறைபாட்டை இன்னொரு சமூகத்தார் மீது சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று அது விதித்திருந்தது. முதலில் விசாரித்த அதிகாரி அவர் பக்கமே தீர்ப்பளித்தார். ஆனால் 1951இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் அவருடைய மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

நீதிபதிகள் விஷயத்தை அறியாமல் தீர்ப்பளித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. நேராகச் செய்யக்கூடாததைச் சுற்றுவழியாகவும் பாராளுமன்றம் செய்யக்கூடாது என்ற வாதத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் யார் பிரஜை என்று வரையறுப்பது ஒவ்வொரு நாட்டுக்கும் உரியது. இந்தச் சட்டம் உண்மையாகவே பிரஜாவுரிமை பற்றியதுதான் என்றார்கள். இந்தியத் தமிழர் போய்வரும் வழக்கமுடையவர்கள். பிரஜையாகத் தகுதியுண்டா என்பதற்கு அது பொருத்தமான விஷயம், ஒரு சமூகம் என்ற முறையில் அது அவர்களைத் தாக்கவில்லை என்றும் கருதினார்கள். காட்டை வெட்டித் தேயிலை நட்டு, பிள்ளைகளை அதே மண்ணில் புதைத்தவர்களுக்கு இது கசப்பான சொல் அல்லவா?

இதே போன்ற கேள்வி 1886இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. மரக்கட்டடத்தில் சலவைச்சாலை நடத்துவோர் அனுமதி பெற வேண்டும் என்பது சான் பிரான்சிஸ்கோ நகர விதி. அதில் சீனர் என்ற சொல்லே இல்லை. ஆனால் விண்ணப்பித்த சீனர் ஏறக்குறைய இருநூறு பேருக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. மற்றவர் எண்பது பேரளவில் ஒருவர் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. யிக் வோ என்ற பெயரில் வந்த வழக்கில், விதி பார்வைக்குச் சமமாக இருந்தாலும் பாரபட்சத்தோடு நடத்தப்பட்டால் அது அநீதியே என்று நீதிமன்றம் தீர்த்தது. சட்டத்தின் சம பாதுகாப்பு பிரஜைக்கு மட்டுமன்று, எந்த மனிதருக்கும் உரியது என்றும் சொன்னது.

இரண்டும் ஒரே மாதிரியான வழக்குகள் அல்ல. அங்கே பிழை விதியை நடத்திய கையில் இருந்தது. இங்கே சட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது. ஆயினும் ஒரு பாடம் பொதுவானது. ஒரு சட்டம் யாருடைய பெயரைச் சொல்கிறது என்று பார்த்தால் போதாது. அதன் பாரம் யார் தோளில் இறங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். தகப்பனின் பிறப்பத்தாட்சி அன்று எத்தனையோ கிராமத்தவரிடமும் இருந்திராது. ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. தோட்டத்து மனிதரிடமே கேட்டார்கள்.

செல்லுபடியாகும் சட்டம் எல்லாம் நீதியான சட்டம் ஆகிவிடாது. பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்விக்கே நீதிமன்றம் பதில் சொன்னது. செய்தது சரியா என்ற கேள்வி மக்களுடைய மனச்சாட்சிக்கே மிஞ்சியது. அதற்குப் பதில் வர நெடுங்காலம் ஆயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்க வழி செய்தது. 1948இலிருந்து கணக்கிட்டால் 55 ஆண்டுகள்! நீதிமன்றம் மூடிய கதவைத் திறந்தது சங்கங்களின் போராட்டமும் பேச்சுவார்த்தையும் வாக்குப் பலமுமே.

இனி நம் வீட்டுப் பக்கம் திரும்புவோம். நம் தோட்டத்தில் ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “செக்றோலில் பெயர் உள்ளவருக்கே அங்கத்துவம்” என்று ஒரு விதி போடுகிறோம். யாருடைய பெயரும் அதில் இல்லை. எல்லோருக்கும் ஒரே விதிதானே என்போம். ஆனால் வேலையிலிருந்து நின்றுவிட்ட விதவைத் தாயும், கலவரத்துக்குப் பயந்து வேறிடத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பமும்தான் வெளியே நிற்பார்கள். விதி போட்டவருக்கு அது முன்பே தெரியாதா? தெரிந்தும் “விதி விதிதான்” என்போமானால், 1948இல் நம் பாட்டனார் கேட்ட அதே பதிலை நாமும் இன்னொருவருக்குச் சொல்கிறோம்.

விதியே கூடாது என்பதல்ல. சங்கத்துக்கும் நாட்டுக்கும் எல்லைகள் வேண்டும். ஆனால் கை உயர்த்து முன், இந்த விதியால் வெளியே போகிறவர் யார், அவர் எழுந்து நின்று காரணம் கேட்டால் முகம் பார்த்துப் பதில் சொல்ல நம்மால் முடியுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.

அடுத்த தேர்தலில் வரிசையில் நிற்கும் அந்தத் தாயிடம், முதல் தடவை எப்போது வாக்களித்தீர்கள் என்று உங்கள் பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் வயதைக் கேட்டுப் பிள்ளைகள் வியப்படையலாம். ஏன் அவ்வளவு பிந்தியது என்று நீங்கள் விளக்குங்கள்.