வேலையா, அடுக்களையா?

வளைகுடாவில் நம்மில் பெரும்பாலோருக்கு வேலைதான் வசிப்புரிமை. வேலை போனால் விசா போகும். விசா போனால் அறையிலுள்ள கட்டிலும் போகும். மனநோயிலிருந்து தேறிவரும் ஒருவரைச் சமூகத்துக்குத் திரும்ப அனுப்புவது என்றால், இங்கே அது எந்தச் சமூகம்? துபாயில் அல் அமல் மனநல மருத்துவமனை இருக்கிறது, சிகிச்சைக்கு இடமுண்டு. அதற்குப் பிறகு வேலை இல்லாதவருக்கு மிஞ்சுவது விமான டிக்கெட்.

ஆக்குபேஷனல் தெரபியைத் தமிழில் ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்கிறோம். தொழில் என்றதும் நமக்குச் சம்பளம்தான் நினைவுக்கு வரும். அந்தச் சிகிச்சையிலோ காலையில் எழுந்து குளிப்பதும், குழம்பு வைப்பதும், கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்குவதும்கூடத் தொழில்தான்.

சென்னையில் 1993இல் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பின் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில், நெடுங்காலம் காப்பகத்தில் இருந்தவர்கள் நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருவொன்றில் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். சம்பாதிப்பது அங்கே குடியிருப்பதற்கான நிபந்தனை அல்ல. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாதென்று இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் (பிரிவு 19) சொல்கிறது.

இங்கிருந்து ஊர் திரும்புகிறவரோ வீட்டாருக்குப் பல வருடங்களாக மாதாமாதம் வந்த பணம். பணம் நின்றபின் வந்து நிற்கும் ஆளை என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரிவதில்லை. அடுத்த வேலைக்கு யாரிடம் சொல்லிவைக்கலாம் என்று தேடுகிறார்கள். அவருக்கோ முதலில், யாரும் அவசரப்படுத்தாத ஓர் அடுக்களை வேண்டியிருக்கலாம். டிக்கெட்டுக்காக நண்பர்கள் பணம் திரட்டுவதை நான் குறை சொல்லவில்லை. அதோடு ஊரில் ஆறு மாத வாடகையையும் சேர்த்துத் திரட்டலாம்.