சுரக்கும் பாலும் சாங்கியரின் வழக்கும்

உலகின் மூலப்பொருளாகிய பிரகிருதி அறிவற்றது. ஆயினும் அது புருடன் எனப்படும் அறிவுப்பொருளின் விடுதலைக்காகவே இயங்குகிறது என்பது சாங்கிய தரிசனத்தின் அடிப்படைக் கொள்கை. அறிவற்ற ஒன்று பிறர் பயனுக்காக இயங்குவது எவ்வாறு என்ற ஐயம் எழும் என்பதை உணர்ந்த ஈசுவரகிருஷ்ணர், சாங்கிய காரிகையின் 57ஆம் செய்யுளில் பசுவின் பாலை விடையாகக் காட்டினார். கன்று வளர வேண்டும் என்பதைப் பால் அறியாது. ஆனாலும் கன்றின் வளர்ச்சிக்காகவே அது சுரக்கிறது.

பொதுவாக 8ஆம் நூற்றாண்டினராகக் கொள்ளப்படும் சங்கரர், பிரம்மசூத்திர உரையின் இரண்டாம் அத்தியாயத்தில் இதே எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு மறுத்தார். பால் சடமாக இருக்கலாம், பசு சடமன்று. கன்றின்மேல் கொண்ட அன்பால் அது பாலை இறக்குகிறது, கன்று உறிஞ்சுவதாலும் பால் வெளிவருகிறது என்பது அவர் வாதம். புல் தானாகவே பாலாகிறதே என்று சாங்கியர் கேட்டால், காளை தின்ற புல் பாலாவதில்லையே என்ற மறுமொழியும் அங்கே ஆயத்தமாக இருக்கிறது. குழந்தையை நினைத்தாலும் கண்டாலும் தொட்டாலும் பால் பெருகும் என்றும், இடையறாத அன்பே அதற்குக் காரணம் என்றும் மருத்துவ நூலான சுசுருத சங்கிதை கூறுவதால், மருத்துவமும் சங்கரர் பக்கமே நின்றது எனலாம்.

கருவுற்ற பெண்ணின் உடலில் நிகழ்வதை இன்றைய உடலியங்கியல் விளக்கும் முறையோடு இவ்வழக்கை வைத்துப் பார்த்தால், இரு தரப்பினரும் பேசியது ஒரே நிகழ்ச்சியைப் பற்றியன்று என்பது தெரியவருகிறது. கருக்காலத்தின் தொடக்கத்திலேயே மார்பு கனத்து, தொட்டால் நோகிறது. தோலுக்கடியில் நீல நிறச் சிரைகள் தெரிகின்றன. காம்பைச் சூழ்ந்த வட்டம் கறுத்து அகல, அதிலுள்ள மாண்ட்கோமரி சுரப்பிகள், அதாவது எண்ணெய்ப்பசையைச் சுரந்து காம்பை உலராமல் காக்கும் சிறு முண்டுகள், புடைத்தெழுகின்றன. உள்ளே ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், புரோலாக்டின் முதலிய ஹார்மோன்களின் தூண்டுதலால் பால் நாளங்கள் கிளைத்து, பால் உண்டாகும் நுண்ணறைகள் பெருகி, கருக்காலத்தின் நடுப்பகுதியிலேயே சீம்பால் உருவாகத் தொடங்குகிறது. நஞ்சுக்கொடியிலிருந்து மிகுதியாக வரும் புரோஜெஸ்டிரோன் அதுவரை பால் பெருகாமல் தடுத்து வைத்திருக்க, மகப்பேற்றில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் அத்தடை நீங்கி, பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்களில் மார்பு நிறைகிறது. இதில் எந்தப் படிக்கும் தாயின் விருப்பம் கேட்கப்படுவதில்லை. குழந்தையை விரும்பாதவளுக்கும் பால் கட்டுகிறது. குழந்தை இறந்து பிறந்த தாய்க்கும் கட்டுகிறது. அந்தத் துயரத்தின் முன் சாங்கியரின் அறிவற்ற பால் முழுக் கடுமையோடு உண்மையாகிறது. ஆனால் 'கன்றுக்காக' என்று அவர்கள் சேர்த்துக்கொண்ட நோக்கத்துக்கு அங்கே இடமில்லாமல் போகிறது.

சுரந்த பால் இறங்குவது வேறு நிகழ்ச்சி. குழந்தை உறிஞ்சும்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் வெளிப்பட்டு, நுண்ணறைகளைச் சூழ்ந்த செல்களைச் சுருக்கிப் பாலை வெளித்தள்ளுகிறது. அழுகுரல் கேட்ட மாத்திரத்திலும் இது நிகழ்வதுண்டு, அச்சமோ கடும் வலியோ இதைச் சிறிது நேரம் தடுப்பதும் உண்டு. இந்த அளவில் சுசுருதரும் சங்கரரும் கண்டது சரியே. ஆயினும் அன்பே பாலின் காரணம் என்று அதை நீட்டினால், பால் குறைந்தவள் அன்பு குறைந்தவள் என்ற கொடிய முடிவுக்கு வர நேரும். சுரப்பித் திசு போதாமை, தைராய்டு குறைபாடு, நஞ்சுக்கொடியின் துண்டு கருப்பையில் தங்கிவிடுதல் ஆகியவற்றால் பால் குறையும்போது, அங்கே குறைந்திருப்பது அன்பன்று.

தாய்மையை ஒரு தகுதியாக்கி, அதற்கு உடலைப் பழக்க வேண்டும் என்று எண்ணும் போக்கும் இதே பிழையின் மறுபக்கம்தான். பாலூட்டுவதற்கு ஆயத்தமாகக் கருக்காலத்தில் காம்பைச் சொரசொரப்பான துணியால் தேய்க்கும்படி ஒரு காலத்தில் அறிவுரை கூறப்பட்டது. அது தோலைப் புண்ணாக்குவதன்றிப் பயன் தருவதில்லை என்பதால் இப்போது கைவிடப்பட்டுள்ளது. கற்க வேண்டியது குழந்தையை மார்பில் பொருத்தும் முறையையே.

குழந்தையின் பக்கத்தை எடுத்துக்கொண்டவர்கள் நியாய தரிசனத்தார். யாரும் கற்பிக்காமலே பிறந்த குழந்தை பாலை நாடுவதால், உண்டு பழகிய முற்பிறவி ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் வாதிடுகிறது. இரும்பு காந்தத்தை நாடுவது போன்றதே இதுவும் என்று எதிர்த்தரப்பு கூற, இரும்பு வேறெதையும் நாடாமல் காந்தத்தை மட்டும் நாடுவதால் அதற்கும் ஒரு நியதியான காரணம் உண்டு என்று சூத்திரம் விடையிறுக்கிறது. அவர்கள் தேடிய பழக்கம் முற்பிறவியைவிட அண்மையிலேயே இருக்கிறது: சிசு கருப்பையிலேயே விரலைச் சூப்புகிறது, தன்னைச் சூழ்ந்த பனிக்குட நீரை விழுங்குகிறது, பிறந்தபின் அந்நீரின் மணத்தை அடையாளம் காண்கிறது. நியாய தரிசனத்தார் இதனால் வாயடைத்துப் போவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. கருப்பையில் முதன்முதலாக விரலைச் சூப்பக் கற்பித்தது எந்தப் பழக்கம் என்றுதான் அவர்கள் அடுத்துக் கேட்பார்கள்.