நாகம் தந்த ஆடை

நமக்கு வந்த பரிசை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாமா? கூடாது என்றுதான் வீட்டில் சொல்லி வளர்க்கிறார்கள். 'ஆசையா எடுத்துக் குடுத்தது, அதைப் போய் யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டியே' என்ற வருத்தத்தைக் கேட்காதவர் குறைவு. ஆனால் ஒரு சங்ககால அரசன் இதைச் செய்தே வள்ளல் என்று பேர் வாங்கினான்.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை ஏழு வள்ளல்களை வரிசையாகச் சொல்கிறது. பேகன் மயிலுக்குப் போர்வை தந்தான், பாரி முல்லைக்குத் தேர் தந்தான். ஆய், நாகம் தனக்குத் தந்த ஆடையை ஆலமரத்தடி இறைவனுக்குக் கொடுத்தான். நாகம் என்பதைப் பாம்பு என்போரும் உண்டு, நாகர் குலத்தவர் என்போரும் உண்டு. எப்படியானாலும் அது கடையில் கிடைக்காத துணி.

நம்ம ஊர்ப் பொன்னாடையும் இப்படிக் கைமாறுகிறதுதான். அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு விழாவில் போர்த்தியது அடுத்த மாதம் பூந்தமல்லியில் வேறொரு தோளில் கிடக்கும். அது ஏன் நமக்குச் சின்னத்தனமாகப் படுகிறது? ஆய் ஒப்பற்றதைக் கொடுத்தான், நாம் வேண்டாததைத் தள்ளிவிடுகிறோம் என்பது ஒரு பதில். எனக்கு அது போதவில்லை. மயிலுக்குப் போர்வை எதற்கு, கடவுளுக்குத் துணி எதற்கு? பெறுபவரின் தேவை இங்கே அளவுகோல் இல்லை.

என் தொழிலில் எம்ஐடி உரிமம் என்று ஒன்று உண்டு. அதன்கீழ் வரும் நிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் எழுதியவரின் பெயர் தாங்கிய உரிமக் குறிப்பை அழிக்கக்கூடாது. ஆயின் கொடை எனக்கு அப்படித்தான் தெரிகிறது. ஆடை கைமாறிய பிறகும் 'நாகம் தந்தது' என்ற சொல் அதைவிட்டுப் போகவில்லை. பொன்னாடையில் முதலில் அழிவது தந்தவர் பெயர்தான். யார் போர்த்தினார் என்று மறந்தால்தானே அடுத்தவருக்குப் போர்த்த முடிகிறது? பரிசைக் கைமாற்றுவது தவறில்லை, தந்தவரை மறைப்பதுதான் தவறு.

இந்த அளவுகோலை வைத்தால் பாட்டுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நாகத்தின் பெயர் நின்றது, ஆயின் பெயர் நின்றது. நெய்தவர் யார்? ஆவடியில் 1961 முதல் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது. எல்லையில் அதைப் போட்டிருப்பவருக்குத் தைத்த கை எதுவென்று தெரியாது. கொடுத்தவரை மறக்காத நம் மரபு, செய்தவரைக் கேட்கவே இல்லை.