அனுப்பாத கடிதம்

அலுவலகத்தில் எல்லோருடைய மெயில் பெட்டிகளையும் பராமரிப்பது பல வருஷங்களாக என் வேலை. ‘டெலீட்’ என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஒருவர் அழித்த கடிதம் முதலில் அழித்தவற்றுக்கான ஃபோல்டருக்குப் போகிறது. அங்கிருந்தும் நீக்கினால், சாதாரணமாகக் கண்ணில் படாத இன்னொரு இடத்தில் தங்குகிறது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் வழக்கமாக 14 நாட்கள்; நிர்வாகி விரும்பினால் 30 நாட்கள். வழக்கை முன்னிட்டு ‘லிட்டிகேஷன் ஹோல்ட்’ போட்டுவிட்டாலோ, அதை எடுக்கும்வரை எதுவும் போகாது. பெட்டிக்கு உரியவருக்குத் தெரியாமலே இது நடக்கலாம்.

அழித்தவர் அழிந்தது என்றே நம்புகிறார். இந்த நம்பிக்கையைப் பொய்யாக்க யாருக்கு, எப்போது உரிமை உண்டு?

1986 நவம்பரில் ஈரான்-கான்ட்ரா விவகாரம் வெடித்தபோது, வெள்ளை மாளிகையில் ஆலிவர் நார்த்தும் ஜான் பாயின்டெக்ஸ்டரும் ‘ப்ராஃப்ஸ்’ என்ற ஐ.பி.எம். அமைப்பில் இருந்த தங்கள் செய்திகளை அழித்தார்கள். பிரதிக்காக எடுத்துவைத்த நாடாக்களில் அவை இருந்தன. 1987ல் டவர் குழுவின் அறிக்கைக்கு அவை ஆதாரமாயின. அதிகாரத்தில் இருப்பவன் தன் தடயத்தை அழிக்கும்போது இயந்திரம் கீழ்ப்படியாமல் இருப்பது நல்லதுதான். என் வேலைக்கு நியாயமாக இந்த உதாரணத்தையே வெகுகாலம் வைத்திருந்தேன்.

பிறகு ஒரு விசாரணைக்காக, சக ஊழியர் ஒருவர் அழித்ததையெல்லாம் மீட்டுத் தரச் சொன்னார்கள். தந்தேன். மேலதிகாரிக்கு அவர் கோபமாக எழுதி, அனுப்பாமலே அழித்த டிராஃப்ட் ஒன்றும் அதில் இருந்தது. மறுநாள் அவர் அனுப்பியது பணிவான இரண்டு வரிகள். விசாரணையில் அவர் முன் வைத்தது கோபக் கடிதத்தை. ‘நீங்கள் எழுதியதுதானே?’ என்று கேட்டார்கள். ‘ஆமாம்’ என்றார். மீட்ட விதத்தை உறுதிசெய்ய நானும் அந்த அறையில் இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

நார்த் அழித்தவை அனுப்பிய செய்திகள். அனுப்பிய கடிதத்தில் பெற்றவனுக்குப் பங்குண்டு. அதன் விளைவைச் சுமக்கிறவர்களுக்கும் உண்டு. எழுதியவன் மட்டும் அதை இல்லாமல் ஆக்கிவிட முடியாது. அனுப்பாத கடிதத்தின் கதி வேறு. அதை எழுதியவரே படித்துப் பார்த்து, வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறார். அழித்ததுதான் அவர் செய்த காரியம். அந்தக் காரியத்தை நாங்கள் ரத்துசெய்துவிட்டு, அவர் செய்யாமல் விட்டதற்குப் பதில் கேட்டோம்.

இந்தப் பாகுபாட்டிலும் சிக்கல் உண்டு. சி.ஐ.ஏ. இயக்குநராக இருந்த டேவிட் பெட்ரேயஸ் 2012ல் பதவி விலகிய விவகாரத்தில், இருவர் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொண்டு, எதையும் அனுப்பாமல் டிராஃப்டுகளாகவே எழுதிவைத்துப் பேசிக்கொண்ட செய்தி வெளிவந்தது. இன்னொருவர் படிக்கவென்று விட்டுவைத்த டிராஃப்ட், அனுப்பிய கடிதமே. ஆகவே பொத்தானை அழுத்தியதா இல்லையா என்பதைக் கொண்டு இதைத் தீர்க்க முடியாது. சொல் இன்னொருவரை நோக்கி வெளியேறியதா என்று பார்க்க வேண்டும்.

கணினி அலுவலகத்தினுடையது, அதில் எழுதியதெல்லாம் அலுவலகத்தினுடையது என்று சொல்வார்கள். காகிதம் யாருடையதானாலும் அதன்மேல் ஒருவன் பட்ட தயக்கம் அவனுடையதுதான். எழுதுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கவிதையில் நாம் அடித்துவிட்ட வரியை எடுத்துவைத்து, ‘நீ நிஜமாக நினைத்தது இதுதான்’ என்று ஒரு விமர்சகன் சொன்னால் ஒப்புக்கொள்வோமா? எழுதியதைப் போலவே அடித்ததும் நம் நினைப்புத்தான்.

மீட்டவற்றில் டிராஃப்டுகளைத் தனியே பிரித்து, இவை அனுப்பப்படாதவை, இவற்றைத் தர வேண்டுமா என்று நான் கேட்டிருக்கலாம். அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. எனக்குத் தோன்றவில்லை. மேலிடம் கேட்டது, கொடுத்தேன் என்று இப்போது சொல்லலாம். 1987ல் காங்கிரஸ் விசாரணையில் நார்த்தும், தான் செய்ததெல்லாம் மேலிடத்தின் அனுமதியோடுதான் என்றார்.